பலகைக்கு அடியில் என் கட்டைவிரல்

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் கேரம் போர்டு என்றால் என் கடைதான். நான் சொல்லவில்லை, ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹார்பரில் சரக்கு வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து, அந்தக் கட்டையில் முதல் போர்டை அடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்குச் சொந்தக் கடை, பின்னால் பட்டறை, இரண்டு ஆசாரிகள். இந்தப் பக்கம் கேரம், செஸ், கிரிக்கெட் மட்டை என்று விற்றுக்கொண்டிருந்த மற்ற கடைகளெல்லாம் செல்போன் கவரும் ஜூஸும் விற்கப் போய்விட்டன. என்னுடையது மட்டும் நிற்கிறது. என் கைதான் காரணம் என்று போன மாதம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போர்டு கேட்டு யார் வந்தாலும் முதலில் அவர் விரலைப் பார்ப்பேன். "ஒரு தட்டு தட்டு, பாக்கலாம்" என்பேன். தட்டத் தெரியாதவனுக்குப் பெரிய போர்டைத் தர மாட்டேன். அதேபோல் பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு போர்டையும் நானே சோதிப்பேன். காய் எதுவும் வைக்காமல் ஸ்ட்ரைக்கரை ஓங்கித் தட்டினால், அது சட்டத்தில் மோதித் திரும்பி மூன்றரை தடவை ஓட வேண்டும். ஓடினால், கட்டைவிரலைக் கறுப்பு பாலிஷில் தொட்டு, பலகையின் அடியில் வலது மூலையில் ஒரு கைநாட்டு வைப்பேன். எழுதத் தெரியாமல் இல்லை. பேங்கில் கையெழுத்துதான் போடுகிறேன். ஆனால் கையெழுத்தை எவனும் போட்டுவிடுவான், என் விரலை எவன் வைப்பான்?

மாத்தூரிலிருந்து ஒரு வியாபாரி மாதாமாதம் குட்டியானை வண்டியோடு வந்து போர்டுகளை மொத்தமாக எடுத்துப் போவான். ஸ்கூலுங்களுக்குப் போகிறது என்பான். "ஸ்டிக்கர் ஒட்டாத நைனா, பேரும் போடாத, ப்ளெய்னா குடு" என்பான். சரி என்று பேர் போடவில்லை. ஆனால் கட்டைவிரல் பழக்கத்தில் தானாகப் போய் மூலையில் உட்கார்ந்துவிடும். அவன் கவனித்ததில்லை.

இதற்கிடையில் ஊரெல்லாம் போனில் போர்டு வாங்க ஆரம்பித்தது. பறக்கும் குதிரை படம் ஒட்டிய போர்டு. நாலு மாதத்தில் மூலை தூக்கிக்கொண்டால் அதைச் சரி பண்ண என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவேன். எனக்கு வந்ததே கோபம்! பெயின்டரைக் கூப்பிட்டு, சிவப்பு எழுத்தில் ஒரு தகரப் பலகை எழுதி வாசலில் மாட்டினேன்: "போனில் வாங்கிய போர்டுக்கு இங்கே ரிப்பேர் கிடையாது."

இத்தனையும் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. வருடா வருடம் டோர்னமென்டுக்கு என் போர்டுதான் போகும். இந்த வருடம் யாரும் வரவில்லை. காலையில் நானே போய் எட்டிப் பார்த்தேன். எட்டு மேசையிலும் பறக்கும் குதிரை.

கிளப் செக்ரட்டரியைத் தேடிப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என் கடையில்தான் முதல் ஸ்ட்ரைக்கர் வாங்கினான்.

"இன்னாடா இது? பலகையா இது? பொணத்த பொதைக்கிற பெட்டில கூட நல்ல மரம் போடுவான்!"

"மெதுவா பேசு நைனா, மேட்ச் நடந்துகினு கீது."

"நடக்குதா? இதுல காயி நடக்குமா? என்னாண்ட வராம இங்க ஏன் போன?"

அவன் சிரிக்கவில்லை. "உன்னாண்ட வந்தா மொதல்ல என் வெரலப் பாப்ப. அப்பால நாலு பேர் எதிர்ல நக்கல் வுடுவ. போன்ல ஒருத்தனும் என் வெரலப் பாக்கல. வூட்டாண்ட கொண்டாந்து குட்த்தான், புடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கிறேன்றான். தட்டிப் பாத்துட்டு அப்பால பேசு."

தட்டினேன். கூட்டம் சுற்றி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் அரை. சுத்தமாக மூன்றரை.

"ஏதோ குருட்டாம்போக்குல ஒண்ணு ஓடிச்சி" என்றேன். "அடில பாரு, பிளைவுட்டு கலீஜா இருக்கும்" என்று சொல்லி, நானே போர்டைத் தூக்கிக் கவிழ்த்தேன்.

வலது மூலையில் கறுப்பாக என் கட்டைவிரல்.

குனிந்து பார்த்தேன். சின்ன வயதில் உளி பட்ட தழும்பு ஒன்று என் விரலில் குறுக்கே ஓடும். அந்தக் கோடும் அப்படியே இருந்தது. அடுத்த மேசைக்குப் போனேன். ஆட்டத்தை நிறுத்திக் கவிழ்த்தேன். அதிலும். எட்டிலும் என் விரல். என்னுடைய போர்டைத்தான் பிணப்பெட்டி என்று ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறேன். யாரோ நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தேனா என்றுகூட ஞாபகமில்லை.

"இன்னா நைனா, மெர்சலாயிட்ட?" என்றான் செக்ரட்டரி. அவனுக்குக் கைநாட்டு விஷயம் தெரியும். குனிந்து பார்த்தவன் போர்டைத் திருப்பி வைத்துக் காய்களை அடுக்க ஆரம்பித்தான். அவன் நக்கல் விட்டிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வந்து மாத்தூர்க்காரனுக்குப் போன் போட்டு, என் போர்டு மேலேயா குதிரைப் படம் ஒட்டி விற்கிறாய் என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதா? இந்த லைன்ல எல்லாருக்கும் தெரியும் நைனா. ஸ்கூலுக்கு யாரு இந்தக் காலத்துல கேரம் வாங்குறான்?" என்றான், சாதாரணமாக. மற்ற கடைகள் மாறிப்போனபோது என் கடையை நிலைக்க வைத்தது என் கை இல்லை, நான் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்த அந்தப் போன் வியாபாரம்தான். இனிமேல் என் கடைப் பேர் அடியில் இருந்தால்தான் சரக்கு என்றேன். "பாக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

கடைக்குத் திரும்பும்போது ரோட்டு நடுவில் கால் நின்றுவிட்டது. பத்து நாள் முன்னால் வந்த ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

திருவொற்றியூரிலிருந்து பறக்கும் குதிரை போர்டோடு வந்திருந்தாள். புருஷன் ஹார்பரில் கன்டெய்னர் மேலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு, நாளெல்லாம் செவுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், இந்தப் போர்டுதான் அவனுக்குப் பொழுது, மூலை தூக்கிக்கொண்டது என்றாள். நான் தகரப் பலகையைக் காட்டினேன். "போன்ல வாங்குனல்ல, போன்லயே ரிப்பேர் பண்ணு." கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஷேர் ஆட்டோக்காரன் பெரிய போர்டை ஏற்ற மாட்டேன் என்றதும், தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். அந்தப் போர்டை நான் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணி டேங்குக்குப் பின்னால் வீடு என்று சொல்லியிருந்தாள். கடைக்குள் போய், பையில் கிளாம்பு, பசை, சுத்தியல் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பினேன். மூன்று தெரு விசாரித்துக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அந்தக் கடைக்காரு வந்துகீறாரு" என்றாள். கட்டிலில் காலை நீட்டியிருந்த புருஷன், "எதுக்கு, மிச்சத்தயும் திட்டவா?" என்றான்.

சுவரோரம் இருந்த போர்டைக் கவிழ்த்தேன். இருந்தது.

"இது என் பலகை" என்றேன்.

"உன்னுதுன்னா ஏன்யா என் பொண்டாட்டிய தொரத்துன?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதது குற்றமில்லையா என்பது போல அந்தப் பெண் பார்த்தாள். மூலையைப் பிரித்தேன். அதைவிடப் பெரிய அடி அங்கே காத்திருந்தது. உள்ளே சட்டம் ஈரத்தோடு முறுக்கியிருந்தது. மாத்தூர் வண்டி சீக்கிரம் கேட்கிறது என்று, மூன்று மாதம் காய வேண்டிய கட்டையை ஒரே மாதத்தில் எடுத்து அடித்தவன் வேறு யாருமில்லை, நான்தான். சோதித்த அன்று ஓடியிருக்கும். விரலும் வைத்தேன். மழைக்காலம் வந்ததும் தூக்கிக்கொண்டது.

பசை போட்டு இறுக்கி, காய விட்டு, சாயங்காலம் அவனிடம் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தேன். கட்டிலிலிருந்தே சாய்ந்து தட்டினான். நல்ல விரல். ஒன்று, இரண்டு, மூன்று. அரைக்குப் போகாமல் நடுவிலேயே செத்தது.

"இது போதும் நைனா, எனக்கு டைம் போனா சரி" என்றான்.

"போதாது" என்றேன். "நாளைக்கு வேற கொண்டாந்து தரேன். காஞ்ச கட்டைல."

பழைய போர்டைத் தூக்கினேன். அவள் புருஷனைப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. "எட்த்துகினு போறீங்களே, வரும்ல?" என்றாள்.

ஷேர் ஆட்டோக்காரன் என்னையும் ஏற்றவில்லை. தலையில் வைத்துக்கொண்டேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரித் தூசியில் நடந்தேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருவனும் கூப்பிடவில்லை.

கடை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். பறக்கும் குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலைக்கு மேலே இருந்த தகரப் பலகையைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, போன்ல வாங்குன போர்டா? இங்க ரிப்பேர் கிடையாதே, படிக்கத் தெரியாது உனக்கு?"

கிளப் சேதி அவளுக்கு ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். போர்டை இறக்கி வைத்தேன். கழுத்து வலித்தது.

"ஸ்டூல எட்த்தா" என்றேன்.

சிவப்பு எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, பரணில் ஏறி, நன்றாகக் காய்ந்த கட்டையாகத் தட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.