அண்ணி வாங்கி வந்த கக்கூஸ்

என் கூடப்பிறந்த அண்ணன் தர்மேந்திரனைத் திட்டித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். அவன் பெண்டாட்டி தவமலர், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். சரிவில் ஏறி இறங்கியே நாற்பத்திரண்டு வயதில் முட்டி போய்விட்டது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து சொரசொரப்பாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொடைக்குப் பலம் வர பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். குந்தவே கூடாது என்றார்கள்.

அண்ணி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். விடியுமுன் படுத்தபடியே காலை மடக்காமல் தூக்கி இறக்குவாள். மலையில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாள். ஸ்டூல் போட்டுத்தான் துணி துவைப்பாள். சரி, கக்கூஸுக்கு என்ன செய்வாள்? கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்திருக்கிற எங்கள் லைன் வீடுகளில் இருப்பதெல்லாம் குந்துகிற கக்கூஸ்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம், தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் அரை டம்ளர் கோப்பி, அத்தோடு சரி. கடைசியில் நீர்க்கடுப்பு வந்து துடித்தாள். பக்கத்து வீட்டில் இருக்கிற தங்கச்சி எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, ஒரு உக்கார்ற கக்கூஸ் வச்சிக் குடுத்தா என்ன?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"கம்பெனி வீடு லா இது. நம்ம டுயிட்டப் போட்டு, கைக்காசு செலவழிச்சி எவனாச்சும் கக்கூஸ் கட்டுவானா? வேலைய விட்டுப் போறப்ப தூக்கிக்கிட்டா போவ முடியும்?"

நின்றுகொண்டே காரியத்தை முடித்துவிட்டு வருகிற ஆம்பளைக்கு வாய் மட்டும் ஒரு முழம்.

ஒரு சாயங்காலம் அண்ணி அலறுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஓடினேன். குந்தியவள் எழுந்திருக்க முடியாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்து இழுத்திருக்கிறாள். குழாய் கையோடு வந்துவிட்டது. ஐஸ் மாதிரி மலைத் தண்ணீர் மேலெல்லாம் பீய்ச்சி அடிக்க, நடுங்கிக்கொண்டு கிடந்தாள். ஹாலில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பைப்ப ஒடச்சிட்டியா?" என்றான். கட்டையில போறவன்!

நான்தான் அவளைத் தூக்கி, துவட்டி, படுக்க வைத்தேன். அண்ணி அழவில்லை. "பவளம், இனிமே செத்தாலும் இதுல குந்த மாட்டேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தீபாவளிச் சேலைக்கு வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். வெள்ளைக் கக்கூஸ் ஒன்றை லோரியில் ஏற்றி, பிள்ளையை அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். லைனே வாசலுக்கு வந்து சிரித்தது.

"என்னா தவமலரு, துரையம்மா ஆயிட்டியா?" என்றாள் எதிர்வீட்டு வேலம்மா அக்கா. மானம் போச்சென்று அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணி ஆள் பிடித்து, பின்கட்டில் இருந்த பழையதை உடைத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள்.

நாலு நாள்தான் நிம்மதி. கம்பெனி வீட்டைக் கேட்காமல் உடைத்தது தப்பு, கழற்ற வேண்டும் என்று தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி திருமாறன் நேரிலேயே வந்து நின்றார். அண்ணனுக்குக் கொண்டாட்டம். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். பெண்டாட்டி பக்கம் ஒரு வார்த்தை பேச நாக்கு எழவில்லை அவனுக்கு.

அண்ணி அவனுக்கு முன்னால் உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"கழட்டுறவன் என்னையும் சேத்துக் கழட்டட்டும்! நான் எந்திரிக்க மாட்டேன்!"

கிராணி கதவைத் தட்டினார். அண்ணன் கெஞ்சினான், மிரட்டினான். சத்தம் கேட்டு லைனில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலம்மா அக்கா முன்னால் வந்தாள். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிராணியாரே, அத கழட்டாதீங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் குந்த முடியல. செவுத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன். ரொம்ப வருசமா."

"எனக்குந்தான்" என்றாள் பின்னால் நின்ற சீதா. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் கடைசி வீட்டு நவமணியின் மாமியார். கிராணிக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

படாரென்று கதவு திறந்தது. அண்ணிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குமாக்கா? எல்லாருக்குமா? இத்தன வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சி நான் தண்ணி குடிக்காமச் செத்தேனேக்கா!"

வேலம்மா அக்கா போய் அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டாள்.