சாட்சிக்கு ஆள் இல்லாத உயில்

அப்பா உயில் எழுதப்போவதாகச் சொன்னபோது அவருக்கு எழுபத்தொரு வயது. சளியைத் தவிர வேறு தொல்லை கிடையாது. மரக்காணத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் உப்பளமும். வாரிசு நானும் தம்பியும்தான். நாலு வரியில் முடியவேண்டிய வேலை.

அப்பா அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

வீடும் உப்பளமும் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. பிறகு ஊர்க்காரர்களுக்கு எழுத ஆரம்பித்தார். டீசல் இன்ஜின் அளத்து மேஸ்திரிக்கு. சாய்வு நாற்காலி பங்குச் சாமியாருக்கு. மொபெட் டீக்கடைக்காரருக்கு. குடை, கோயிலில் மணி அடிப்பவருக்கு. மிக்ஸி பக்கத்து வீட்டம்மாவுக்கு. "அந்த மிக்ஸி ஓடாதுப்பா," என்றேன். "நான் போறதுக்குள்ள ரிப்பேர் பண்ணிடலாம்," என்றார்.

திண்டிவனத்து வக்கீல் நோட்டைப் பொறுமையாகப் படித்தார்.

"முத்திரைத்தாள் வாங்கிட்டு வந்திருக்கேன் சார்," என்றார் அப்பா.

"அது வேணாம்யா. உயிலுக்கு வெள்ளப் பேப்பரே போதும். ரெஜிஸ்டர் பண்றதும் உங்க இஷ்டம்தான். ஆனா ரெண்டு சாட்சி கண்டிப்பா வேணும். உங்கள நல்லா தெரிஞ்சவங்களா, உங்கள விட வயசு கம்மியா கூட்டிட்டு வாங்க."

"ஊரே வரும்."

"இருங்க. நீங்க கிறிஸ்டியன். உங்க சட்டப்படி, சாட்சிக் கையெழுத்து போடுறவருக்கோ, அவரோட புருஷன் பொண்டாட்டிக்கோ உயில்ல எதுனா எழுதியிருந்தா, அது அவங்களுக்குச் செல்லாது."

அப்பா நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து உதட்டை அசைத்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோருமே அதில் இருந்தார்கள்.

"நீங்க எதுவுமே எழுதி வெக்காத ஆளு ஒருத்தர்கூட இல்லியா?" என்றார் வக்கீல்.

ஒருவர் இருந்தார். அடுத்த அளத்துக்காரர். எங்கள் உப்பில் மண் இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னதற்காக அப்பா பதினோரு வருஷமாக அவரோடு பேசவில்லை. அவருக்கு மனைவியும் உண்டு. சாட்சி இரண்டும் ஒரே வீட்டில்.

நான்தான் போய்க் கேட்டேன். "எனக்கு எதுனா எழுதியிருக்காரா?" என்றார் அவர்.

"இல்லீங்க. அதனாலதான் கூப்புடுறாரு."

சற்று யோசித்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

திண்டிவனத்துக்கு வாடகைக் காரில் போனோம். முன்சீட்டில் அப்பா. பின்சீட்டில் நான், அவர், அவர் மனைவி. "காத்து அடிக்குது, கண்ணாடிய ஏத்தச் சொல்லும்மா," என்றார் அவர் என்னிடம். "காத்து வேணும்னு சொல்லும்மா," என்றார் அப்பா. ஒரு சாண் இடைவெளியில் இருந்த இருவருக்கும் நடுவில் நான் வழியெல்லாம் கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன்.

வக்கீல் ஆபீஸில் கணவனும் மனைவியும் வந்த வேலையைச் சரியாகச் செய்தார்கள். அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்த்தார்கள், அவருக்கு எதிரிலேயே தாங்களும் போட்டார்கள். அந்த அம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியது அப்பாவை என்னவோ செய்துவிட்டது.

"சார், இவங்களுக்கும் ஒண்ணு சேத்துக்கலாமா?"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். "சேத்தா அது அவங்களுக்குச் செல்லாதுங்கய்யா. குடுக்கணும்னா உசுரோட இருக்கும்போதே கையில குடுத்துடுங்க."

மறுநாள் காலை அப்பா எங்கள் வீட்டுச் சேவலைப் பிடித்துக்கொண்டு போய் அடுத்த அளத்துக்காரர் கையில் கொடுத்தார். "உப்புல மண்ணுன்னு சொன்னியே, ஏம்பா?" என்று கேட்டாராம். "இருந்துச்சுப்பா," என்றாராம் அவர். இருவரும் சிரித்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார்.

சேவலுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. விடிந்ததும் எங்கள் மதில்மேல் வந்து நின்று கூவும். அதைப் பிடித்துப்போக அவர் தினமும் வருவார். வந்தால் காபி, பேப்பர், கொஞ்சம் அரசியல். ஒன்பது மணிக்கு எழுந்து போவார், பெரும்பாலும் சேவலை மறந்துவிட்டு.