அவிழாத முடிச்சு

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். ஞாயிறுதோறும் காட்டுப்பள்ளிக் கடலில் முங்கி, ஈட்டியால் மீன் குத்துவேன். போன தை மாதம், கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் ஊரில் எல்லாருக்கும் டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் உடம்பை ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் உடை. அதைப் போட்டதும் குளிர் தெரியவில்லை. ஆனால் முங்கவே முடியாமல் தக்கையாக மிதந்தேன்.

படகுக்காரர் முனுசாமி, வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கயிற்றில் கோத்து என் இடுப்பில் கட்டினார். “வலைக்குப் போடற முடிச்சுப்பா, கழலவே கழலாது” என்றார் பெருமையாக.

பாறையடியில் பெரிய கொடுவா மீனைக் குத்திவிட்டேன். மேலே எழும்பத்தான் முடியவில்லை. ஈயம் கீழே இழுத்தது. நனைந்த முடிச்சு அவிழவில்லை. மூச்சு முட்ட, காலில் கட்டியிருந்த கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தேன். அதே உடை என்னை ஜிவ்வென்று மேலே தூக்கியது.

“இன்னாபா, இவ்ளோ நேரம்? பயந்துட்டேன்” என்றார் முனுசாமி.

“மொதல்ல மீனப் புடிண்ணே” என்றேன். மீனைக் குத்திய ஈட்டியின் கயிற்றை நான் விடவே இல்லை. அந்த மீனை இருவருமாகத்தான் படகில் ஏற்றினோம்.

இப்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுதான் போடுகிறேன். நான் கண்ணை மூடி, இடது கையால் அதை அவிழ்த்துக் காட்டாமல் முனுசாமி படகைத் தள்ளுவதில்லை.