ரோலர் கோஸ்டரை வாயால் ஓட்டிய கோவில்பட்டிப் பயணம்

சென்னையில் ஒரு தீம் பார்க் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புகார் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. போன ஐப்பசியில் திடீரென்று கோவில்பட்டிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு தீப்பெட்டி முதலாளி தன் தொழிலாளிகளைச் சுற்றுலா அழைத்துப்போகப் போகிறாராம். அவர்களை எங்கள் பூங்காவுக்கு வரவழைத்துவிட்டால் இனி எனக்கு ஊர் சுற்றும் வேலை. இல்லாவிட்டால் மறுபடி அதே நாற்காலி, அதே புகார்.

இரவு ரயில், காலை ஆறரைக்குக் கோவில்பட்டி. ஆபீஸ் போகணும் என்றதும் ஆட்டோக்காரர் சிரித்தார். "எந்த ஆபீஸுக்கு, அக்கா? இங்கன எங்க பாத்தாலும் தீப்பெட்டி ஆபீஸ்தான்." தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அங்கே ஆபீஸ் என்றுதான் பெயராம். ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் கடைசிக் கொஞ்ச தூரம் கரிசல் மண் சேற்றில் நடை. என் ஷூ இரண்டும் ஆளுக்கொரு கிலோ ஏறிவிட்டன.

வாசலிலேயே முதலாளி அண்ணாச்சி நிறுத்தினார். "போனு, டேப்லெட்டு எல்லாம் இங்கனயே வச்சிருங்கம்மா. உள்ள தீக்குச்சி மருந்து இருக்குல்லா. வேல பாக்குற பிள்ளைய எல்லாரும் சரின்னு சொன்னா எனக்கும் சரி."

நான் காட்ட வந்த வீடியோ எல்லாம் டேப்லெட்டில்! வேறு வழியில்லை. குச்சி அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து, இதுதான் ரோலர் கோஸ்டர் என்று மேசை விளிம்பில் ஏற்றி, இறக்கி, தலைகீழாகச் சுற்றி, சத்தமும் நானே கொடுத்தேன்.

செல்வி என்று என் வயதுக்காரி ஒருத்தி கேட்டாள். "எறங்கும்போது வயித்துக்குள்ள எப்படிக்கா இருக்கும்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் ஏறினதில்ல."

"ஏட்டி, கூப்பிட வந்தவியளே ஏறலயாம்!" என்று இன்னொருத்தி சொல்ல, கொட்டகையே சிரித்தது. போச்சு, நாற்காலிதான் என்று நினைத்தேன்.

செல்வி விடவில்லை. "அப்ப முத வரிசையில எங்கூட நீங்களும் ஏறணும். ஏறுதேன்னு சொல்லுங்க, வாரோம்."

எனக்கு மொட்டைமாடிச் சுவர் ஓரம் நிற்கவே பயம். ஏறுகிறேன் என்றேன்.

இந்தப் பக்கம் மழைக்காலத்தில் போகிறவர்கள் செருப்பு போட்டுப் போங்கள், கழுவுவது சுலபம். ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் கடலைமிட்டாய் வாங்குங்கள். நான் வாங்கிய இரண்டு பாக்கெட் மதுரை தாண்டவில்லை.

மார்கழியில் இரண்டு பஸ் நிறைய வந்தார்கள். முதல் வரிசையில் நானும் செல்வியும். உச்சியில் வண்டி ஒரு நொடி நின்றபோது கண்ணை மூடி அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். அவளும் என் கையை நசுக்கிக்கொண்டுதான் இருந்தாள். வண்டியை விட்டு இறங்கியபோது, கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

இப்போது ஊர் ஊராகப் போகிறேன். வயிற்றுக்குள் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் டேப்லெட்டைத் திறப்பதே இல்லை, நானே சொல்கிறேன்.