விசாரணை அக்காவும் சாய்ந்த சொல்லும்

ஏணியின் நடுப்படியில் நின்ற மின்பணியாளரை அக்கா இறங்க விடவில்லை. கூரையில் மின்விசிறி ஆடி ஆடிச் சுற்றிக்கொண்டிருந்தது. இது இப்படி ஆடுவதற்கு உங்கள் பேச்சில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். "விப்ரேஷன்மா" என்றார் ஏணிக்காரர். "அது கடையில சொல்றது. வீட்ல என்ன சொல்வீங்க?" ஏணிக்காரர் ஸ்குரூ டிரைவரின் பிடியால் காதோரம் சொறிந்துகொண்டார். "வீட்லயா... தள்ளாடுதும்போம்." அக்காவுக்கு வாயெல்லாம் பல். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார். விசிறியைச் சரிசெய்வதா வேண்டாமா என்று ஏணிக்காரர் அடுத்த மேசைக்காரரிடம் கேட்க வேண்டியதாயிற்று.

அலுவலகத்தில் அவருக்கு விசாரணை அக்கா என்று பெயர். காவல் நிலையத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு பதிப்பகத்தின் மூன்றாவது மாடியில் ஆங்கில–தமிழ் அகராதியின் புதிய பதிப்பைத் தயாரிக்கிறவர்களில் ஒருவர். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. காலையில் அட்டைக் கட்டைப் பிரித்ததும் ரப்பர் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். மாலையில் பார்த்தால் கை நிறைய வளையல் போட்டதுபோல் இருக்கும். முதல் அட்டையை எடுத்து, கண்ணை மூடி, அந்த ஆங்கிலச் சொல்லை வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் அவர் ஏதோ ஜெபிக்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வதுண்டு.

பழைய அகராதிகள் அவர் மேசையில் சுவர்போல் அடுக்கியிருந்தாலும் அவற்றைக் கடைசியில்தான் தொடுவார். "அகராதியைப் பாத்து அகராதி எழுதுறது, பக்கத்து பெஞ்சைப் பாத்துப் பரீட்சை எழுதுற மாதிரி" என்பது அவர் கட்சி. சொல் வெளியே இருக்கிறது, போய்க் கேட்டால்தான் கிடைக்கும் என்பார். தையற்கடை, முடிதிருத்தகம், மருந்துக்கடை என்று ஒரு இடம் பாக்கியில்லை. பேருந்தில் முன்சீட்டுப் பேச்சைக் கேட்டபடி தன் நிறுத்தத்தைத் தவறவிடுவார். ஒருமுறை வரிசையில் இடித்துக்கொண்ட ஆள் வாய்க்கு வந்தபடி ஏச, "அந்த ரெண்டாவது வார்த்தையை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டு அவரைத் தலைதெறிக்க ஓடவைத்தவர்.

அப்படிப்பட்டவரை ஒரு வாய்த் தண்ணீர் நிறுத்தியது. காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக வழிந்து கழுத்தை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி தூங்கிக்கொண்டிருந்தது. முகத்துக்குப் போகிற நரம்பு ஒன்றில் கோளாறு, உயிருக்குப் பயமில்லை, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். பெரும்பாலும் சரியாகவும் ஆனது. கண் மூடியது, சாப்பாடு சிந்துவது நின்றது. உதடு மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை. 'ப' சொன்னால் கொஞ்சம் காற்று கசிந்தது. சிரித்தால் இடது பக்கம் மேலே போயிற்று, வலது பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

விடுப்பு முடிந்து திரும்பியபோது எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்புதான் தாங்கவில்லை. பேசுகிறவர்கள் அவர் நெற்றியைப் பார்த்துப் பேசினார்கள், இல்லாவிட்டால் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து. வீட்டில் கணவர் சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலியை அவருக்கு இடதுபுறமாக மாற்றிப் போட்டுக்கொண்டார். தங்கை மகளின் கல்யாணத்தில் படம் எடுக்க வந்தவரிடம், "அவளை நல்ல பக்கமா எடுங்க தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். அக்கா காதில் அது விழுந்தது. மனுஷன் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அப்போது மிச்சப் பக்கம் யாருடையது என்று அன்றைக்கெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அதோடு விசாரணை நின்றுபோயிற்று. ஒரு மனிதரை நிறுத்திக் கேள்வி கேட்டால் அவர் முகத்தைப் பார்ப்பாரே. மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டார். பழைய அகராதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார், எதைக் கேலி செய்தாரோ அதையே செய்தார். அட்டைகள் முன்னைவிட வேகமாக நிறைந்தன. எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாம் சப்பென்று இருந்தன. இப்படியே போனால் இந்த வேலையில் தான் எதற்கு, ஒரு நகலெடுக்கும் இயந்திரம் போதுமே என்ற பயம் வந்துவிட்டது.

'எல்' எழுத்தின் கடைசிக் கட்டு வந்தது. துள்ளல் நடையைச் சொல்லும் 'லோப்' அட்டைக்கு அடுத்து, வாயாடி என்று பொருள்படும் 'லொக்வேஷஸ்' நின்றது. நடுவே ஒன்றைக் காணோம். எது என்று தெரிய அவருக்கு நிமிஷம் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிக் கிடப்பதைச் சொல்லும் 'லாப்சைடட்'. எதிர் மேசையில் மெய்ப்புத் திருத்துகிறவன், முற்றுப்புள்ளி என்று பெயர் வாங்கியவன், திடீரென்று பென்சில் சீவத் தொடங்கினான். ஒரு புள்ளி விடுபட்டாலும் தூக்கம் கெடுகிற ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பொய் சொல்ல மட்டும் வராது.

"அந்த அட்டை உன்கிட்டயா இருக்கு தம்பி?"

"நானே முடிச்சுடலாம்னு எடுத்தேன்கா."

"எதுக்கு? என் மூஞ்சிக்காகவா?"

சீவிய பென்சிலையே மறுபடி சீவினான். "கஷ்டமா இருக்குமேன்னு..."

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வார்த்தை என்னுது. குடு."

கொடுத்தான். 'சமச்சீரற்ற' என்று அச்சடித்ததுபோல் எழுதியிருந்தான். உன் சட்டைக் காலர் சமச்சீரற்று இருக்கிறது என்றா உன் மனைவி சொல்கிறாள் என்று அக்கா கேட்டார். கோணலாக இருக்கிறது என்பாள் என்று ஒப்புக்கொண்டான். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவன் சட்டென்று சன்னலைப் பார்த்தான். வந்த சிரிப்பை அவர் விழுங்கிக்கொண்டார்.

அன்று பகல் முழுவதும் அந்த ஒரு அட்டைதான். வேரைத் தேடிப் போனால், துவண்டு தொங்குவதைச் சொல்லும் 'லாப்' என்ற ஒரு பழைய வினை வந்தது. காது தொங்கிய முயல்களுக்கு அந்த அடைமொழி இன்றும் இருக்கிறது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னால் அதைப் 'பக்கம்' என்பதோடு ஒட்டிக் கப்பலுக்குச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு புறம் கனம் கூடிச் சாய்ந்த கப்பலுக்கு. முகத்துக்கும் சிரிப்புக்கும் வந்தது பிற்பாடு. கப்பல் என்று படித்ததும் அக்காவுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. உடைந்ததைச் சொல்லப் பிறந்த சொல் இல்லை இது. சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கிற ஒன்றுக்கு வைத்த பெயர்.

பொருள்களைப் பிரித்து எழுதினார். வண்டிப் பாரத்துக்கு 'ஒருபக்கம் சாய்ந்த'. படச்சட்டத்துக்கும் காலருக்கும் 'கோணலான'. ஆட்டத்தில் ஒரு அணியே அடித்து நொறுக்கினால் 'ஒருதரப்பான'. சிரிப்புக்கு வந்தபோது பென்சில் நின்றது. ஆங்கிலக் கதைகளில் காதலிக்கத் தகுந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் இந்தச் சிரிப்புத்தான் வருகிறது. அங்கே அதில் ஒரு செல்லம் இருக்கிறது. தமிழில் கோணல் சிரிப்பு என்றால் ஆளையே சந்தேகப்படுவோம், கோணல் புத்தி பக்கத்திலேயே வந்து நிற்கும். பழைய அகராதிகளைப் புரட்டினார். ஒன்று 'இளித்த' என்றது, இன்னொன்று 'விகாரமான' என்றது. அந்தப் புத்தகத்தைச் சத்தம் வர மூடினார். விகாரம் என்று எழுதியவர் எந்த முகத்தைப் பார்த்து எழுதினாரோ, அந்த ஆள் மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

இதற்கு மேல் புத்தகத்தில் வழி இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. முற்றுப்புள்ளியிடம் கேட்கலாம். பாவம், அவன் சன்னலுக்குத்தான் விளக்கம் சொல்வான். அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு, "வேலைக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டினார்.

மின்தூக்கி பழுது. படியில் தண்ணீர்க் கேன் போடுகிறவர் மேலே வந்துகொண்டிருந்தார். வலது தோளில் கேன், உடம்பு முழுக்க இடப்பக்கம் சரிந்திருந்தது. அக்கா ஒதுங்கி வழி விடப் போனார். அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வழியில் நின்றார்.

"ஒரு நிமிஷம். இப்படிப் பாரம் ஒரு பக்கமா இருந்தா உங்க பேச்சுல என்ன சொல்வீங்க?" பாரத்தின் 'பா' காற்றோடு வந்தது.

"ஒரு பக்கமா அமுக்குதுன்னு சொல்வோம். வழி விடுங்கம்மா" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

அக்கா எழுதிக்கொண்டார். வழி விடவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. இப்ப நான் சிரிக்கிறேன். பாத்துட்டு, இது எப்படி இருக்குன்னு சொல்லணும். எனக்காகப் பாத்துச் சொல்ல வேண்டாம், இருக்கிறதைச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, எவ்வளவு வருமோ அவ்வளவும் சிரித்தார். இடது பக்கம் ஏறியது, வலது பக்கம் நின்றது.

தண்ணீர்க்காரர் கேனைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வெளிச்சத்துக்காக ஒரு படி மேலே ஏறி நின்று, அவசரமே இல்லாமல், அந்த முகத்தை முழுசாகப் பார்த்தார்.