அம்மனுக்கு நேர்ந்த மாத்திரை அட்டைகள்

என் முதுகில் தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் ஒன்று வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தொழுநோய்ங்க அம்மணி. பயப்படாதீங்க, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா முழுசாப் போயிரும்" என்றார்.

மாதம் ஒரு அட்டை. மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் விழுங்குவேன். தீர்ந்த அட்டைகளையும் அங்கேயே சேர்த்துவைத்தேன். ஆறும் முடிந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய் அவள் காலடியில் வைப்பதாக வேண்டுதல்.

ஐந்து சேர்ந்திருந்தன. ஒருநாள் விளக்கேற்றப் போனால் அவற்றைக் காணோம். வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வக்கீல்கிட்டக் குடுத்துப்போட்டேன். இந்த நோவு இருந்தா விவாகரத்து வாங்கலாம்னு சட்டத்துலயே இருக்குதாமா."

"ஏனுங்க, எனக்குக் குணமாயிட்டு வருதுங்களே!"

"அதைக் கோர்ட்டுல வந்து சொல்லு."

நான் சொல்லவில்லை. தீராத தொழுநோய் என்றுதான் சட்டத்தில் இருந்ததாம். இந்த மாத்திரை வராத காலத்தில் எழுதியது. எனக்கோ கேஸ் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. ஆனாலும் நாலு பேர் முன்னால் அந்த நோயின் பெயரைச் சொல்லக் கூசி, கோர்ட்டுக்கே போகாமல் இருந்துவிட்டேன். தீர்ப்பு அவர் பக்கம் போயிற்று.

பிற்பாடு பார்லிமெண்டில் அந்த வரியை நீக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தபோது, பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். மருந்து வந்தபோதே யாராவது அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

ஆறாவது அட்டையை மட்டும் அம்மனுக்கு வைத்தேன். மற்ற ஐந்தும் இன்னும் கோர்ட்டுக் காகிதக் கட்டுக்குள் கிடக்கும், எனக்கு எதிரான சாட்சியாக.