கல்முனை: ஒத்தடக் கொலிஜும் ஓர் ஓட்டோச் சாவியும்

கழுத்து வலிதான் என்னைக் கல்முனைக்குக் கொண்டுபோனது. கணினி முன்னால் இருந்து இருந்து வாங்கிக்கொண்ட வலி. ஆறு மாதமாக மாத்திரைக்கு அடங்கி, மாத்திரை முடிந்ததும் திரும்பி வந்துகொண்டிருந்தது. காரைதீவுப் பக்கம் ஒரு முழுநல மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கழுத்துக்கும் முதுகுக்கும் பயிற்சியும் ஒத்தடமும் தருகிறார்கள், ஒரு வருட நிறைவு நாளில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். ஜூலைக் கடைசியில் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். ஒரு நாள் கல்லூரி, மூன்று நாள் அறுகம்பே கடற்கரை என்பது திட்டம்.

கிழக்குக் கரையோரமாகப் போகும் இந்த வழியைப் பற்றி நண்பர்கள் சிலர் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். திரும்பி வந்து இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுத வரவில்லை. ஏன் என்பது கீழே இருக்கிறது.

கொழும்பிலிருந்து இரவு எட்டரை மணி பஸ், 2,200 ரூபாய். கல்முனையில் இறங்கும்போது காலை ஐந்தேகால். பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்தேன்: காற்றாடி, சுத்தமான குளியலறை, 3,500 ரூபாய். முன்னால் இருந்த கடையில் இடியப்பம், சொதி, மாசிச் சம்பல், ஒரு பிளேன்டீ. கடலுக்குப் போய்த் திரும்பியவர்களின் ஈரச் சாரமும் மீன் வாடையும் கடைக்குள் கலந்திருந்தன. எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சூடான கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதம். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

ஓட்டோ ஸ்டாண்டில் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. ஒத்தடம், பயிற்சி என்று விளக்கியதும் ஒருவர் சிரித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒத்தடக் கொலிஜா? அப்படிச் சொல்லுங்களன் தங்கச்சி. ஏறுங்க."

அவர் பெயர் றமீஸ், ஊருக்கு றமீஸ் காக்கா, அதாவது அண்ணன். ஐம்பது வயதுக்குள் இருக்கும். எட்டு கிலோமீற்றருக்கு 900 ரூபாய். மதியம் அங்கிருந்து நேராக அறுகம்பே கொண்டுபோய் விட 7,000 என்று வழியிலேயே பேசி முடித்தோம். நீண்ட சவாரி, அவர் சொல்லில் ஹயர், கிடைத்த சந்தோஷத்தில் அவர் குரல் இன்னும் கூடியது. பின் இருக்கையில் இருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகும், சின்னக் கண்ணாடியில் இரண்டு கண்களும்தான்.

சாய்ந்தமருதைத் தாண்டும் வரை கல்லூரியின் கதையைச் சொன்னார். போன வருடம் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே இரண்டு அறையில் தொடங்கினார்களாம். ஊரில் எல்லோரும் சிரித்தார்களாம். மாணவர்கள் கரைவலை இழுப்பவர்களின் தோள் வலியைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனபோது மீனவர்கள், "முதல்ல நீங்க வலைய இழுங்க, மறுகா தோளப் பத்திக் கதைப்பம்" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்களாம்.

"இழுத்தாங்களா?"

"இழுக்காம? கை பிஞ்சு போச்சு புள்ளையளுக்கு. மறுகாத்தான் எங்கட ஆக்கள் தோளக் காட்டின."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். அவர்களுடைய ஸ்டாண்டில் ஓட்டிய ஒருவர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப் போகும்போது வாகனத்திலேயே மயங்கியிருக்கிறார். ஓட்டோ வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் காயம் மட்டும். அவர் பிழைக்கவில்லை. பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. அதற்குப் பிறகு ஸ்டாண்டும் கல்லூரியும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை காலையில் மாணவர்கள் ஸ்டாண்டுக்கு வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பார்கள். எல்லை தாண்டியிருந்தால் ஓட்டோச் சாவியை வாங்கிக் கல்லூரிப் பலகையில் மாட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் காட்டி, குறைந்த பிறகுதான் சாவி திரும்பும்.

"சாவியப் புடுங்கச் சொன்னதே நான்தான் தங்கச்சி. வாயால சொன்னா எவன் கேப்பான்? பலகைக்கு ஆணி அடிச்சதும் நான்தான். லாபீர் எண்டு ஒருத்தன், என்ட கூட்டாளி, அவன்ட சாவிய நானே புடுங்கின. சின்னப் புள்ள மாதிரி அழுதான்!"

நானும் சிரித்தேன். காரைதீவுச் சந்திக்கு முன்னால் ஒரு குழாயடியில் நிறுத்தி முகத்தைக் கழுவினார். தலையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "வெயில்" என்றார். நானும் வெயில் என்றே நினைத்தேன்.

கல்லூரிக்கு நான் சந்தேகத்தோடுதான் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிப் படித்தவற்றில் பாதி என்னைப் பயமுறுத்தியிருக்கிறது. சீனி வருத்தத்துக்கு ஊசியை நிறுத்தச் சொல்கிறவர்கள், எண்ணெய் தேய்த்தால் எல்லாம் போகும் என்கிறவர்கள். வெள்ளைத் திரை, ஊதுபத்தி, மெதுவான இசை, அதற்கொரு கட்டணம் என்று மனதில் ஒரு படம் இருந்தது.

பிரதான வீதியிலிருந்து வயல் பக்கம் திரும்பியதும் தகரக் கூரை போட்ட நீண்ட கட்டடம். உள்ளே சந்தை இரைச்சல். நற்பிட்டிமுனையிலிருந்து வந்த விவசாயிகள் வாங்கில் வரிசையாக இருந்து முழங்காலுக்குச் சூட்டுப் பொட்டலம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிருப்புப் பெண்கள் சுவரில் கையூன்றித் தோள் பயிற்சி செய்துகொண்டே மீன் விலையைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். வாசலில் ஒரு மேசை. உள்ளே வருகிற யாராக இருந்தாலும், விருந்தாளியோ மேசன் வேலைக்கு வந்தவரோ, முதலில் கையை நீட்டிப் பிரஷர் பார்க்க வேண்டும். எனக்குப் பார்த்தவள் மருதமுனைப் பிள்ளை, நிஸ்மா, கல்லூரியின் முதல் அணி மாணவி. அவளுக்குப் பின்னால் சுவரில் அந்தப் பலகை. மூன்று சாவிகள் தொங்கின.

கல்லூரிப் பொறுப்பாளர் ஒரு பெண் வைத்தியர். அவருடைய வருட நிறைவுப் பேச்சுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. எத்தனை பேரைக் குணமாக்கினோம் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கைக்கு அடங்காது என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களைப் பற்றியே பேசினார். முதுகு வலி என்று வந்த ஒரு மீனவருக்கு இருந்தது சிறுநீரகக் கல். தோள் வலி என்று வந்த ஒரு தாய்க்கு இருந்தது நெஞ்சு வருத்தம். "ஒத்தடம் குடுக்கிறது ஒரு நாளில படிக்கலாம். எப்பக் குடுக்கக் கூடாது எண்டு படிக்கத்தான் இந்த வருசம் போச்சு" என்றார். நான் ஒத்திகை பார்த்து வந்த வாதங்களில் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை.

அப்போதுதான் தண்ணீர்ப் போத்தலை ஓட்டோவில் விட்டுவந்தது நினைவு வந்தது. றமீஸ் வாகனத்தைப் படலைக்கு வெளியே, தூரத்து வேப்ப மரத்துக்குக் கீழ் நிறுத்தியிருந்தார். ஏன் அவ்வளவு தூரம் என்று யோசிக்கவில்லை. கையைக் காட்டிப் போத்தலைக் கேட்டேன். அவர் தயங்கி, பிறகு எடுத்துக்கொண்டு வந்தார். வாசல் மேசையில் நிஸ்மா எழுந்துவிட்டாள்.

"காக்கா, நாலு வெள்ளிக்கிழமையா உங்களக் காணல்ல."

"ஹயர் புள்ள, ஹயர்."

"கைய நீட்டுங்க."

"இந்தத் தங்கச்சிக்குத் தண்ணி குடுக்க வந்தன். எனக்கென்ன வருத்தமா?"

வாங்கில் இருந்த ஒருவர் முழங்கால் பொட்டலத்தோடு கத்தினார். "டேய் றமீஸ், என்ட சாவியப் புடுங்கக்குள்ள பெரிய ஆள் மாதிரி நிண்டாய்தானே! நீட்டுடா கைய!" அதுதான் லாபீர். எல்லோரும் சிரித்தார்கள். றமீஸும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நிஸ்மா பார்த்தாள். மற்றக் கையிலும் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்துதான் முதலில் போனது. இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபத்தெட்டு.

"மெசின் பழுது."

"காக்கா, சாவி."

"பின்னேரம் வந்து தாறன். அறுகம்பேக்கு ஹயர் இரிக்கி. இந்தத் தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திட்டன். அவவிட்டயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாதவர்களின் விஷயத்தில் வாய் திறக்கிறவள் இல்லை நான். பஸ்ஸில் என் காலை மிதிப்பவரிடம்கூட ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏழாயிரம் ரூபாய் ஒரு குடும்பத்துக்கு என்ன என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவரை அப்போதுதான் நேருக்கு நேராகப் பார்த்தேன். காலையிலிருந்து நான் பார்த்த இரண்டு கண்களைச் சுற்றி ஒரு முகம் இருந்தது. அது சாம்பல் நிறமாக இருந்தது.

"அண்ணன், நான் உங்கட ஓட்டோவில ஏற மாட்டன்" என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே வலித்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, நிஸ்மாவிடம் கொடுக்காமல் என் உள்ளங்கையில் அடித்து வைத்தார்.

"அப்ப நீங்களே வெச்சிருங்க. பின்னேரம்..."

அந்தச் சொல் முடியவில்லை. அதையே திரும்பச் சொல்லப் பார்த்தார். நாக்கு வரவில்லை. உதட்டின் இடது ஓரம், யாரோ நூல் கட்டி இழுத்தது போல, கீழே இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்ப்பது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

நிஸ்மாவுக்கு விளங்கிவிட்டது. "பிடிங்க!" என்றாள். இரண்டு மாணவர்கள் அவரைச் சரித்துப் படுக்க வைத்தார்கள். ஒருத்தி அம்புலன்ஸுக்கு அழைத்தாள். யாரோ ஓடிப்போய் அதே என் போத்தலைத் திறந்து வாயருகில் கொண்டுவர, நிஸ்மா கையைத் தட்டிவிட்டாள். "ஒண்டும் குடுக்காதீங்க! மூச்சுக்க போயிரும்!" எண்ணெய்ப் போத்தல்கள் அலுமாரியில் வரிசையாக நின்றன. ஒருவரும் அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை. லாபீர் வெறுங்காலோடு வந்து தரையில் அமர்ந்து நண்பனின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லடா மச்சான், ஒண்டுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பொறுப்பாளர் என்னிடம் வந்தார். "வாய் கோணினத நீங்கதானே நேர பார்த்தீங்க? நீங்களும் ஏறுங்க. எத்தனை மணிக்குத் தொடங்கினது எண்டுதான் அங்க முதல்ல கேப்பாங்க."

பத்து இருபது. அம்புலன்ஸில் அந்த நேரத்தை மட்டுமே சொல்லிக்கொண்டு போனேன். வைத்தியசாலையில் அதைத்தான் கேட்டார்கள். சொன்னேன். நேரம் சரியாகத் தெரிந்ததும் வேகமாக வந்ததும் நல்லது என்றார் டொக்டர். வேறு எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

அவருடைய மனைவி ஜெஸீமா பர்தாவை வாரிச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "மூணு நாளாத் தலையிடி எண்டவர். ரெண்டு குளிசையப் போட்டுட்டுப் போவார். வெள்ளிக்கிழமையில ஸ்டாண்டுக்கே போறதில்ல. நான் ஹயர் எண்டு நினைச்ச." பிறகுதான் என் கையைப் பார்த்தார். சாவியை அவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஊட்டுல வெச்சா எப்படியும் தேடி எடுத்துடுவார். நீங்க கொண்டுபோய் அங்கயே மாட்டிடுங்க."

வெளியே வந்து மதிலோரம் நின்றபோதுதான் மதியத்து ஹயர் நினைவு வந்தது. போத்தலை மறக்காமல் இருந்திருந்தால் மதியம் நான் பின் இருக்கையில் இருந்திருப்பேன். முன்னால் அந்த முதுகும் இரண்டு கண்களும் போயிருக்கும். எதிரே லொறிகள்.

மறுநாள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன். விழாவுக்கு வாங்கிய கேக் வெட்டாமல் பெட்டியோடு இருந்தது. நிஸ்மா சாவியை வாங்கி மாட்டினாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். நல்ல கைகள், ஆனால் அன்றைக்கு அவை குளிர்ந்திருந்தன.

"நாலு கிழம வரல்ல எண்டு எனக்குத் தெரியும் ராத்தா. ஹயர் எண்டு நானும் விட்டுட்டன்" என்றாள் என் பிடரிக்குப் பின்னாலிருந்து, அக்கா முறை வைத்து. "இனி வெள்ளிக்கிழம வராதவங்கட ஊட்டுக்குப் போறதெண்டு நேத்துப் பின்னேரமே முடிவெடுத்திட்டம். முதல் ஊடு லாபீர் காக்காட, தன்ட ஊட்டுலயே தொடங்கச் சொல்லிட்டார். அவர்ட சாவி எப்பயோ திரும்பிட்டுதானே, அவர்தான் ஓட்டிக் கூட்டிட்டுப் போறாராம் மத்த ஊடுகளுக்கு."

நான் அறுகம்பே பார்க்கவில்லை. மற்ற இரண்டு நாளும் கல்முனையிலேயே இருந்தேன். காலையும் மாலையும் வார்டுக்குப் போனேன். கடைசி நாள் றமீஸ் காக்கா கண் திறந்து என்னைக் கண்டார். இடது கை போர்வையின் மேல் அசையாமல் கிடந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "சாவி?" என்றார்.

"நீங்க அடிச்ச ஆணியிலதான் காக்கா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, சிரிப்பா என்று அந்த உதட்டை வைத்துச் சொல்ல முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் பகல் முழுவதும் பஸ் உண்டு. பொத்துவிலில் இருந்து அறுகம்பே கிட்டடிதான், ஓட்டோவில் போகலாம். கல்லூரியில் கழுத்து, முதுகுப் பார்வைக்குக் கட்டணம் இல்லை, உண்டியல் உண்டு. பெண்களுக்குத் தனி அறை இருக்கிறது. காலையிலேயே போங்கள். நீண்ட ஹயர் பேசினால், ஓட்டுநரோடு கல்லூரி வாசலில் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் போங்கள். இருவரும் கையை நீட்டுங்கள். அவர் கோபிக்கக்கூடும். நேரமும் போகும். ஓட்டோவில் ஏறும் முன் ஒரு தடவை முன்னால் போய் நின்று, அந்த மனிதரின் முகத்தை முழுவதுமாகப் பாருங்கள். பின் இருக்கையில் இருந்து அது தெரிவதில்லை.

போன கிழமை ஜெஸீமா அழைத்தார். றமீஸ் காக்கா கல்லூரிக்குப் போய் இடது கைக்குப் பயிற்சி செய்கிறாராம். பலகைக்கு நேர் எதிரே இருக்கும் வாங்கில்தான் இருப்பாராம், சாவியைப் பார்த்துக்கொண்டு. விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அறுகம்பேக்கு வேறு ஒருவரோடும் நான் போகக் கூடாதாம். அது அவருடைய ஹயராம்.

ஓம், அவரோடுதான் போவேன் என்று சொல்லியிருக்கிறேன்.